நெட் இல்லாத நேரத்தில் கோட் எடிட்டர் பிளகின் முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

திருகோணமலையில் கரண்ட் போனால் லப்டொப் பற்றரியில் ஓடிக்கொண்டிருக்கும், ரவுட்டர் உடனே அணைந்துவிடும். உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் வைஃபை முழுக் கோடும் காட்டும், லொகின் பக்கத்தைத் தாண்டும்வரை ஒன்றும் நகராது. மாதக் கடைசியில் டொங்கிளில் சிக்னல் இருக்கும், டேட்டா இருக்காது. இவை எல்லாவற்றையும் நாம் ‘நெட் இல்லை’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். எடிட்டருக்குள் ஓடும் பிளகினுக்கு (எடிட்டரில் கூடுதலாகச் சேர்க்கும் துணைச் செயலி, எடிட்டர் இதை ‘எக்ஸ்டென்ஷன்’ என்கிறது) இவை வெவ்வேறு நோய்கள். நெட் அறவே இல்லாத இடத்தில் ஒழுங்காக ஓடுகிற பிளகின், அரைகுறை நெட்டில் தொங்கி நிற்பதுதான் அதிகம். அதனால் மருந்தைத் தேடுமுன் நோயைப் பிரிக்க வேண்டும்.

இது விஎஸ் கோட் என்ற எடிட்டரை வைத்து எழுதியது. அதன் இன்னொரு வடிவமான விஎஸ்கோடியம் பாவிப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். பிளகினைப் பாவிப்பவர், பிளகினை எழுதுபவர் இருவருக்கும் சேர்த்தே வழி சொல்லப்படுகிறது. கட்டளைகளும் செட்டிங் பெயர்களும் ஒலிப்பின்படி தமிழில் உள்ளன. தட்டும்போது எடிட்டரில் காணும் ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள். கட்டளைப் பெட்டி எஃப்1 விசையில் திறக்கும்.

## முதலில்: எந்த வகை ‘நெட் இல்லை’?

வைஃபையை முற்றாக அணையுங்கள், கேபிள் இருந்தால் கழற்றுங்கள். பிறகு ‘டெவலப்பர்: ரீலோட் விண்டோ’ கட்டளையைக் கொடுங்கள்.

- பிளகின் உடனே சுறுசுறுப்பாகிவிட்டதா? கோளாறு காத்திருப்பில் இருக்கிறது. அறிகுறி 1க்குப் போங்கள்.
- அப்போதும் அதே பிழையா? பிளகினுக்குத் தேவையான ஏதோ ஒன்று கணினியில் இல்லை. அறிகுறி 3, 4, 5 பாருங்கள்.

இனி வைஃபையைத் திரும்பப் போட்டு, பிரவுசரில் நெவர்எஸ்எஸ்எல்.கொம் என்ற முகவரியைத் திறங்கள். அது பூட்டுக் குறி இல்லாத சாதாரணப் பக்கம். அதற்குப் பதிலாக விடுதியின் லொகின் பக்கமோ, டேட்டா முடிந்த அறிவிப்போ வந்தால் அறிகுறி 2.

இன்னும் இரண்டு விஷயம், இரண்டுக்கும் காசு செலவில்லை. ஒன்று, கணினியின் திகதி. பழைய மேசைக் கணினிகளில் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பற்றரி செத்திருந்தால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் திகதி பல வருடம் பின்னுக்குப் போய்விடும். நெட் இருந்தால் கணினி தானாகத் திருத்திக்கொள்ளும், இல்லாவிட்டால் அப்படியே நிற்கும். அப்போது நெட் வந்த முதல் நிமிடங்களில் பாதுகாப்புச் சான்றிதழ் ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’ என்ற பிழை வரும், லைசன்ஸ் கேட்கும் பிளகின்களும் குழம்பும். திகதியைக் கையால் திருத்துங்கள், பற்றரியை மாற்றுங்கள்.

மற்றது, செட்டிங்கில் ‘எச்டிடிபி.ப்ரொக்ஸி’ என்று தேடுங்கள். கந்தோரிலோ கம்பஸிலோ போட்ட ப்ரொக்ஸி (நெட்டுக்குப் போகும் வழியில் நிற்கும் இடைநிலைச் சேவர்) முகவரி வீட்டிலும் அப்படியே இருந்தால், நெட் நன்றாக இருந்தும் எடிட்டருக்கு மட்டும் நெட் இல்லை. பிரவுசர் ஓடுகிறது, பிளகின் ஓடவில்லை என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

## அறிகுறி 1: எடிட்டர் திறக்கிறது, பிளகின் நெடுநேரம் கழித்தே உயிர் பெறுகிறது

கீழே நிலைப்பட்டையில் ‘அக்டிவேட்டிங் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்று சுற்றிக்கொண்டிருக்கும். அல்லது கோப்பை சேவ் செய்தால் ‘ரன்னிங் ஃபோர்மெட்டர்’ என்று பல செக்கன் நிற்கும். ரவுட்டர் எரிகிறது, வெளி இணைப்பு இல்லை என்ற நிலையில்தான் இது பெரும்பாலும் வரும்.

ஏன் இப்படி? வைஃபை அறவே இல்லையென்றால் ‘போக வழியில்லை’ என்று கணினியே பிளகினுக்கு உடனடியாகச் சொல்லிவிடும். ரவுட்டர் இருந்தால் கேள்வி வெளியே போகிறது, பதில் வராமல் தொலைகிறது. ஒரு இணைப்பைக் கைவிட விண்டோஸ் சுமார் 20 செக்கன் எடுக்கும், லினக்ஸின் வழக்கமான அமைப்பில் 2 நிமிடத்தையும் தாண்டும். பிளகின் மூன்று முகவரிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் அதை மூன்றால் பெருக்குங்கள்.

### எந்தப் பிளகின் என்று தெரியாவிட்டால்

‘டெவலப்பர்: ஷோ ரன்னிங் எக்ஸ்டென்ஷன்ஸ்’ கட்டளையைக் கொடுத்தால் ஒவ்வொரு பிளகினும் எழும்ப எத்தனை மில்லிசெக்கன் எடுத்தது என்று வரும். 1000க்குள் இருப்பவற்றை விட்டுவிடுங்கள். 20000, 21000 என்று நிற்பது எதுவோ அதுதான் நெட்டுக்காகக் காத்திருந்தது.

அங்கே பிடிபடவில்லையா? ‘ஹெல்ப்: ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்’ கொடுங்கள். எடிட்டரே பாதிப் பிளகின்களை அணைத்துவிட்டு ‘இப்போது சரியா?’ என்று கேட்கும். 32 பிளகின் இருந்தாலும் ஐந்தாறு சுற்றில் குற்றவாளி தனித்துவிடும்.

### நீங்கள் பாவிப்பவர் மட்டும் என்றால்

அவசரத்துக்கு, வைஃபையை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள். கேட்கச் சாதாரணமாக இருந்தாலும் கரண்ட் இல்லாத மூன்று மணித்தியாலத்தில் இதைவிட விரைவான வழி கிடையாது.

நிலையாகத் திருத்த, செட்டிங்கில் இவற்றை மாற்றுங்கள்: ‘எக்ஸ்டென்ஷன்ஸ்.ஓட்டோஅப்டேட்’, ‘எக்ஸ்டென்ஷன்ஸ்.ஓட்டோசெக்அப்டேட்ஸ்’ இரண்டையும் அணையுங்கள். ‘அப்டேட்.மோட்’ என்பதை ‘மேனுவல்’ ஆக்குங்கள். ‘கிட்.ஓட்டோஃபெச்’ அணைந்திருக்கட்டும். பிறகு குற்றவாளிப் பிளகினின் சொந்த செட்டிங்கில் ‘செக் ஃபோர் அப்டேட்ஸ்’, ‘டெலிமெட்ரி’ போன்றவற்றைத் தேடி அணையுங்கள். அப்டேட்டை அணைத்தவர், நெட் நன்றாக உள்ள ஒரு நாளில் மாதம் ஒருமுறையாவது கையால் அப்டேட் செய்ய மறக்கக் கூடாது. பாதுகாப்புத் திருத்தங்களும் அந்த வழியில்தான் வருகின்றன.

கரண்ட் போனதும் நெட்டும் போவதுதான் உங்கள் பிரச்சினை என்றால், ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன டீசீ யுபிஎஸ் வாங்கலாம். ரவுட்டர் அடப்டரில் எழுதியுள்ள வோல்ட் அளவைப் பார்த்து வாங்குங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், சிலது 9 அல்லது 5. தவறான வோல்ட்டில் குத்தினால் ரவுட்டர் கருகலாம். ஆனால் வெளியே பைபர் பக்கத்திலோ டவரிலோ கரண்ட் இல்லாவிட்டால் இந்த யுபிஎஸ் உங்களை அந்த அரைகுறை நெட் நிலையிலேயே வைத்திருக்கும். ஆகவே மேலே சொன்ன செட்டிங்குகள் எப்படியும் தேவை.

### பிளகின் உங்களுடையது என்றால்

முதலில் ‘அக்டிவேட்’ ஃபங்ஷனைத் திறங்கள். அதற்குள் ‘அவெய்ட்’ போட்டு நெட் கேள்வி எதுவும் இருக்கக் கூடாது. கட்டளைகளைப் பதிவு செய்யும் வரிகள் மேலே வரட்டும், நெட் வேலை பின்னணியில் தனியாக ஓடட்டும். வரிசை மாறினால் இன்னொரு அறிகுறியும் வரும்: நெட் கேள்வி பிழை எறிந்து ‘அக்டிவேட்’ பாதியில் முறிந்துவிட, பாவிப்பவர் எதை அழுத்தினாலும் ‘கமாண்ட் நொட் ஃபவுண்ட்’. கட்டளை இல்லாததற்கும் நெட்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு ‘ஃபெச்’ கேள்விக்கும் ‘அபோர்ட்சிக்னல்.டைம்அவுட்’ போட்டு 3000 மில்லிசெக்கன் கொடுங்கள். மெதுவான மொபைல் இணைப்பில் 1000 போதாது. 10000 கொடுத்தால் பாவிப்பவரின் பொறுமை போய்விடும்.

நெட் இருக்கிறதா என்று முன்கூட்டிச் சோதிக்கும் வரிகளை எடுத்துவிடுங்கள். ‘ஒன்லைன்’ என்று கணினி சொல்வது ரவுட்டர்வரை போக முடிகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. நேரே கேளுங்கள், பதில் வராவிட்டால் கையில் உள்ள பழைய தரவைக் கொடுங்கள்.

‘எக்செக்சிங்க்’ போல முடியும்வரை தடுத்து நிற்கும் ஃபங்ஷனால் வெளிக் கட்டளை ஒன்றை ஓட்டி நெட்டில் எதையும் எடுக்காதீர்கள். ‘அவெய்ட்’ தொங்கினால் உங்கள் பிளகின் மட்டும் தொங்கும். இது தொங்கினால் அதே எக்ஸ்டென்ஷன் ஹோஸ்டில் (பிளகின்களைச் சேர்த்து ஓட்டும் பொதுச் செயலியில்) ஓடும் மற்றப் பிளகின்களும் சேர்ந்து உறையும்.

திருத்தியதைச் சோதிக்க வைஃபையை அணைப்பது மட்டும் போதாது. ‘ஹோஸ்ட்ஸ்’ கோப்பில் உங்கள் சேவரின் பெயருக்கு எதிரே 127.0.0.1 என்று எழுதினால் இணைப்பு உடனே மறுக்கப்படும். 192.0.2.1 என்று எழுதினால் பெரும்பாலும் பதிலே வராமல் தொங்கும். அந்த முகவரித் தொகுதி ஆவணங்களில் உதாரணம் காட்டுவதற்கென்று ஒதுக்கப்பட்டது, அங்கே யாரும் இல்லை. இரண்டாவது சோதனைக்கு ரவுட்டர் இணைப்பு இருக்க வேண்டும். இந்த இரண்டிலும் பிளகின் 3 செக்கனுக்குள் எழும்பினால்தான் வேலை முடிந்தது. சோதித்து முடிந்ததும் அந்த வரியை அழித்துவிடுங்கள்.

## அறிகுறி 2: ‘அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்’ என்ற பிழை, பக்கத்தில் < என்ற குறி

இந்தக் குறியைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம். பிளகின் ஜேசன் என்ற வடிவில் தரவைக் கேட்டிருக்கிறது, வழியில் யாரோ எச்டிஎம்எல் பக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் < என்ற குறியில் தொடங்குவதால் முதல் எழுத்திலேயே தடுக்கி விழுகிறது.

எளிய காரணம் விடுதி வைஃபையின் லொகின் பக்கம், அல்லது டேட்டா முடிந்த அறிவிப்பு. பிரவுசரில் லொகின் செய்து, விண்டோவை ரீலோட் செய்யுங்கள். அப்படியும் போகவில்லையா? அந்தத் தவறான பக்கத்தையே பிளகின் தன் கேஷில் (திரும்பக் கேட்காமலிருக்க வைத்திருக்கும் தற்காலிகச் சேமிப்பில்) சேமித்து வைத்திருக்கும். நல்ல நெட் வந்த பிறகும் பிழை விடாமல் தொடர்வதற்கு இதுதான் வழக்கமான காரணம்.

கேஷைத் துடைக்க எடிட்டரை மூடுங்கள். விண்டோஸில் ‘அப்டேட்டா’ கோப்புறைக்குள் ‘ரோமிங்’, அதற்குள் ‘கோட்’, ‘யூசர்’, ‘குளோபல்ஸ்டோரேஜ்’ என்று போங்கள். லினக்ஸில் ஹோம் கோப்புறையின் ‘.கொன்ஃபிக்’ உள்ளே ‘கோட்’. அங்கே பிளகினின் பெயரில் உள்ள கோப்புறையை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்துங்கள். பக்கத்தில் ‘ஸ்டேட்.விஎஸ்சிடிபி’ என்று ஒரு கோப்பு இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். எடிட்டரின் நினைவும் எல்லாப் பிளகின்களின் நினைவும் அதில்தான் இருக்கிறது.

பிளகின் எழுதுபவர்களே, பதிலைச் சேமிக்குமுன் மூன்றைப் பாருங்கள்: ‘ரெஸ்பொன்ஸ்.ஓகே’ உண்மையா, ‘கொன்டென்ட்-டைப்’ ஜேசன்தானா, நீங்கள் எதிர்பார்க்கும் ஒரு புலமாவது உள்ளே இருக்கிறதா. லொகின் பக்கங்கள் 200 என்ற வெற்றி எண்ணோடேயே வருவதுண்டு, ஆகவே முதலாவது மட்டும் போதாது. மூன்றில் ஒன்று தவறினாலும் பழைய கேஷைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.

கந்தோர் வலையமைப்பில் மட்டும் இது வந்தால், இடையில் உள்ள ப்ரொக்ஸி வேலை செய்கிறது. ப்ரொக்ஸி முகவரியும் அதன் சான்றிதழும் வலையமைப்புப் பொறுப்பாளரிடம்தான் கிடைக்கும், அவரிடம் கேளுங்கள். ‘எச்டிடிபி.ப்ரொக்ஸிஸ்ட்ரிக்ட்எஸ்எஸ்எல்’ என்பதை அணைத்தால் பிழை மறையும். அதோடு சான்றிதழ்ச் சோதனையும் போய்விடும். அந்தக் குறுக்கு வழி வேண்டாம்.

## அறிகுறி 3: பென்ட்ரைவில் கொண்டுவந்த பிளகின் ஏற மறுக்கிறது

சரியான முறை இதுதான். நெட் உள்ள கணினியில் எக்ஸ்டென்ஷன் பட்டியலில் பிளகின் மீது வலது கிளிக் செய்து ‘டவுன்லோட் விஎஸ்ஐஎக்ஸ்’ (பிளகின் அடங்கிய பொதிக் கோப்பு). நெட் இல்லாத கணினியில், அதே பட்டியலின் மேலே உள்ள மூன்று புள்ளியை அழுத்தி ‘இன்ஸ்டோல் ஃப்ரம் விஎஸ்ஐஎக்ஸ்’. டெர்மினலில் என்றால் ‘கோட் --இன்ஸ்டோல்-எக்ஸ்டென்ஷன்’ என்று தட்டி, கோப்பின் பெயரைக் கொடுங்கள்; ஆய்வுகூடத்தில் 20 கணினிக்கு ஏற்ற வேண்டியவர்களுக்கு இது வசதி.

நண்பரின் கணினியிலிருந்து ‘.விஎஸ்கோட்’ உள்ளே இருக்கும் பிளகின் கோப்புறையை அப்படியே பிரதி எடுத்து ஒட்டுவது பலரும் செய்கிற வேலை. எடிட்டர் தன் பிளகின்களை ‘எக்ஸ்டென்ஷன்ஸ்.ஜேசன்’ என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. ஒட்டிய கோப்புறை அந்தப் பட்டியலில் இல்லாததால் காணாமலே போகலாம். விஎஸ்ஐஎக்ஸ் வழியே நல்லது.

### ‘எண்ட் ஒஃப் சென்ட்ரல் டிரெக்டரி’ என்று பிழை

கோப்பு முழுதாக இறங்கவில்லை, அல்லது பென்ட்ரைவை அவசரமாக இழுத்துவிட்டீர்கள். விஎஸ்ஐஎக்ஸ் என்பது ஒரு சிப் கோப்புத்தான். பெயரின் கடைசியை சிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால் மறுபடி இறக்க வேண்டும். சில கிலோபைட் மட்டும் இருந்தால் உள்ளே இருப்பது ஏதோ ஒரு லொகின் பக்கம். இரண்டு கணினியிலும் எஸ்எச்ஏ256 எண்ணை (கோப்பின் கைரேகை போன்றது) ஒப்பிட்டால் சந்தேகமே இருக்காது: விண்டோஸில் ‘சேர்ட்யூட்டில் -ஹேஷ்ஃபைல்’ (கோப்பின் பெயருக்குப் பின் ‘எஸ்எச்ஏ256’ என்றும் தட்டுங்கள்), லினக்ஸில் ‘எஸ்எச்ஏ256சம்’.

### ‘நொட் கம்பாட்டிபிள்’ என்று பிழை

எடிட்டர் பழையது, பிளகின் புதியது. ‘ஹெல்ப்’ மெனுவில் ‘அபௌட்’ திறந்து எடிட்டர் பதிப்பைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ற பழைய பிளகின் பதிப்பை இறக்குங்கள். அல்லது புதிய எடிட்டரையும் சேர்த்தே பென்ட்ரைவில் கொண்டுவாருங்கள். ஊருக்கும் நெட் உள்ள இடத்துக்கும் இடையே பஸ் ஏறி அலைபவர்கள் எப்போதும் இரண்டையும் சோடியாக எடுத்துச் செல்வது நல்லது.

### ஏறிவிட்டது, வேலை செய்யவில்லை

விண்டோஸுக்கு இறக்கியதை லினக்ஸில் போட்டிருக்கலாம். கோப்புப் பெயரில் ‘வின்32-எக்ஸ்64’, ‘லினக்ஸ்-எக்ஸ்64’ என்று இருப்பதைப் பாருங்கள். அது சரியென்றால், இந்தப் பிளகின் இன்னொரு பிளகினில் தங்கியிருக்கலாம். விஎஸ்ஐஎக்ஸ் உள்ளே ‘பெக்கேஜ்.ஜேசன்’ திறந்து ‘எக்ஸ்டென்ஷன்டிப்பென்டென்சீஸ்’ என்ற வரியில் உள்ள ஒவ்வொன்றையும் தனித்தனியே இறக்க வேண்டும். நெட் இருக்கும்போது இவை சத்தமில்லாமல் தாமாக ஏறிவிடுவதால் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை.

சொந்தப் பிளகினைப் பொதி செய்தவருக்கு இன்னொரு காரணம்: ‘.விஎஸ்கோட்இக்னோர்’ கோப்பு தேவையான கோப்புறையையும் சேர்த்துத் தள்ளிவிட்டிருக்கும். பொதி செய்தபின் சிப்பாகத் திறந்து உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று பார்க்காமல் யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

## அறிகுறி 4: நேற்று நன்றாக இருந்தது, இன்று எங்கும் சிவப்புக் கோடு

பிளகின் ஏறியிருக்கிறது, ஆனால் அது சார்ந்திருக்கும் கருவியோ லைப்ரரியோ கணினியில் இல்லை. மொழிக்கு மொழி வழி மாறும்.

பைதன். சிவப்புக் கோடு ‘இம்போர்ட்’ வரிகளில் மட்டும் என்றால் பிளகினில் குறையில்லை, லைப்ரரிதான் இல்லை. நெட் உள்ள இடத்தில் ‘பிப் டவுன்லோட்’ கட்டளையால் ஒரு கோப்புறைக்குள் எல்லாவற்றையும் இறக்குங்கள். இங்கே ‘பிப் இன்ஸ்டோல் --நோ-இண்டெக்ஸ் --ஃபைண்ட்-லிங்க்ஸ்’ என்று அந்தக் கோப்புறையைக் காட்டுங்கள். இரண்டு கணினியிலும் பைதன் பதிப்பும் இயங்குதளமும் ஒன்றாக இருக்கட்டும். 3.11இல் இறக்கியது 3.12இல் பல நேரம் ஏறாது.

ஜாவா. மேவன் திட்டத்தில் நெட் இருக்கும்போதே ‘டிப்பென்டென்சி:கோ-ஓஃப்லைன்’ ஓட்டி வையுங்கள். பிறகு எடிட்டர் செட்டிங்கில் ‘ஜாவா.இம்போர்ட்.மேவன்.ஓஃப்லைன்.எனேபிள்ட்’ என்பதைப் போடுங்கள். கிரேடிலுக்கும் அதே பெயரில் ஒரு செட்டிங் உண்டு. இதைப் போடாமல் விட்டால் திட்டத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அறிகுறி 1 திரும்பி வரும்.

கோ. ‘கோப்ளிஸ்’ என்ற கருவி பிளகினுக்குள் வருவதில்லை, தனியாக நெட்டில் இறங்குகிறது. அதை முன்கூட்டியே ஏற்றுங்கள். திட்டத்துக்கு ‘கோ மொட் வெண்டர்’. ‘கோப்ரொக்ஸி’ என்ற சூழல் மாறியை ‘ஓஃப்’ ஆக்கினால், இல்லாததைத் தேடித் தொங்காமல் உடனே ‘இல்லை’ என்று சொல்லும்.

ஜாவாஸ்கிரிப்ட். எடிட்டர் பின்னணியில் டைப் கோப்புகளை இறக்கப் பார்க்கும். தேவையான டைப் பெக்கேஜுகளைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்; ‘டைப்ஸ்கிரிப்ட்.டிசேபிள்ஓட்டோமெட்டிக்டைப்அக்விசிஷன்’ என்பதைப் போடுங்கள்.

ஜேசன், யாமல். கோப்பின் முதல் வரியில் ‘அன்ஏபிள் டு லோட் ஸ்கீமா’ என்று மஞ்சள் கோடு வந்தால் கோப்பில் பிழையில்லை. ஸ்கீமாவை (கோப்பு எப்படி இருக்க வேண்டும் என்ற விதிப் பட்டியல்) ஒருமுறை இறக்கித் திட்டத்துக்குள் வைத்து, ‘ஜேசன்.ஸ்கீமாஸ்’ அல்லது ‘யாமல்.ஸ்கீமாஸ்’ செட்டிங்கில் அந்த உள்ளூர்க் கோப்பைக் காட்டுங்கள்.

இவை எதிலும் அடங்காவிட்டால் ‘அவுட்புட்’ பலகத்தைத் திறந்து வலப்பக்கத்துப் பட்டியலில் பிளகினின் பெயரைத் தெரிவு செய்யுங்கள். ‘ஈநொட்ஃபவுண்ட்’ என்றிருந்தால் பெயரைத் தேடிக் கிடைக்கவில்லை. பக்கத்தில் உள்ள முகவரியே எது காணவில்லை என்று சொல்லிவிடும். ‘ஈகொன்ரிஃபியூஸ்ட்’ என்றால் அந்த இடத்தில் யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, பெரும்பாலும் ப்ரொக்ஸி. ‘ஈடைம்ட்அவுட்’ என்றால் அறிகுறி 1. இந்த வரிகளோடு எடிட்டர் பதிப்பு, பிளகின் பதிப்பு மூன்றையும் எழுதிப் பிளகின் எழுதியவருக்கு அனுப்பும் கட்டம் இதுதான். வெறுமனே ‘ஓஃப்லைனில் ஓடவில்லை’ என்று எழுதினால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

## அறிகுறி 5: பிளகினின் பலகம் வெறும் வெள்ளை

உள்ளே இருப்பது ஒரு வெப் பக்கம். அதன் ஸ்கிரிப்டோ எழுத்துருவோ வெளியே ஒரு சிடிஎன்னில் (நெட்டில் கோப்புகளை வழங்கும் சேவர்களில்) இருக்கிறது. பாவிப்பவர் செய்யக்கூடியது எதுவுமில்லை, எழுதியவர்தான் திருத்த வேண்டும்: எல்லாவற்றையும் பொதிக்குள் வைத்து, ‘அஸ்வெப்வியூயுஆர்ஐ’ மூலம் முகவரி கொடுத்து, அந்தக் கோப்புறையை ‘லோக்கல்ரிசோர்ஸ்ரூட்ஸ்’ பட்டியலில் சேர்க்க வேண்டும்.

ஒரு மயக்கத்தைச் சொல்லிவைக்க வேண்டும். ‘டெவலப்பர் டூல்ஸ்’ திறந்து பார்த்தால் ‘விஎஸ்கோட்-சிடிஎன்.நெட்’ என்று முடியும் முகவரிகள் தெரியும். மேசைக் கணினியில் ஓடும் விஎஸ் கோட்டில் இவை நெட்டுக்குப் போவதில்லை, எடிட்டரே இடைமறித்து உள்ளூர்க் கோப்பைக் கொடுக்கிறது. இதை வெளி முகவரி என்று எண்ணி நாள் முழுக்கத் துரத்துபவர்கள் உண்டு. பிரவுசரில் ஓடும் விஎஸ் கோட்டுக்கு மட்டும் அது உண்மையிலேயே நெட் முகவரி.

## அறிகுறி 6: ‘நெட்வேர்க் எரர்’ அறிவிப்பு நிமிடத்துக்கு நிமிடம்

பாவிப்பவர் கீழ் வலது மூலையில் உள்ள மணிச் சின்னத்தை அழுத்தி ‘டு நொட் டிஸ்டர்ப்’ போடலாம். உண்மையான மருந்து எழுதுபவர் கையில். ஒரு அமர்வில் ஒருமுறை மட்டும் அறிவியுங்கள், பிறகு நிலைப்பட்டையில் ‘ஓஃப்லைன், கடைசியாகப் புதுப்பித்தது இன்ன நேரம்’ என்று ஒரு வரி போதும். அந்த நேரம் முக்கியம். பழைய தரவைப் புதியதென்று நம்பவைப்பது அறிவிப்பே இல்லாததைவிட மோசம்.

மறுபடி முயலும் இடைவெளியை 1 நிமிடம், 2, 4, 8 என்று இரட்டிப்பாக்கி, 30 நிமிடத்துக்கு மேல் போகாமல் வையுங்கள். அதில் சிறிது எதேச்சையான வித்தியாசமும் சேருங்கள். இல்லாவிட்டால் கரண்ட் வந்ததும் ஆய்வுகூடத்தின் 20 கணினிகளும் ஒரே செக்கனில் ஒரே சேவரைத் தட்டும். இறக்கும் தரவு மாறாதிருந்தால் திரும்ப இறக்காமலிருக்க ‘ஈடெக்’ (தரவின் பதிப்பு அடையாளம்) பாவியுங்கள். டேட்டா காட் போட்டு வேலை செய்பவருக்கு ஒவ்வொரு மெகாபைட்டும் காசு.

## அறிகுறி 7: ஏஐ உதவி வாயே திறக்கவில்லை

கொபைலட் போன்றவை நெட் இல்லாமல் ஓடாது, அதில் திருத்த எதுவுமில்லை. ஏஐ மொடலைக் கணினியிலேயே ஓட்டும் ஒலாமா போன்ற ஒன்றில் உள்ளூர் மொடலை வைத்து, அதை ஏற்கும் பிளகினோடு இணைக்கலாம். வழக்கமான போர்ட் 11434. குவென் 2.5 கோடர் மொடலின் 1.5பி அளவு சுமார் 1 ஜிபி, 7பி அளவு 4.7 ஜிபி. 7பிக்கு ஆகக் குறைந்தது 8 ஜிபி ராம் வேண்டும். எடிட்டரும் பிரவுசரும் சேர்ந்து ஓடினால் 16 இருந்தால்தான் நிம்மதி. பென்ட்ரைவ் எஃப்ஏடி32 வடிவில் இருந்தால் 4 ஜிபியைத் தாண்டிய தனிக் கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபெட் ஆக மாற்றுங்கள்.

கரண்ட் இல்லாத நேரத்துக்கென்று இதை அமைப்பவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: உள்ளூர் மொடல் சீபியூவை முழு மூச்சில் ஓட்டுவதால் பற்றரி வேகமாக இறங்கும். பற்றரியில் இருக்கும்போது தானாகப் பரிந்துரைப்பதை அணைத்து, வேண்டும்போது மட்டும் கேளுங்கள்.

## அறிகுறி 8: கரண்ட் போய் வந்தபின் பிளகின் எழும்பவே இல்லை

ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை, மழையும் இடியும் வரும் மாதங்களில், யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினிகளில் இது அடிக்கடி நடக்கும். எழுதிக்கொண்டிருந்த கேஷ் கோப்பு பாதியில் வெட்டுப்பட்டுவிடும்.

முதலில் அறிகுறி 2இல் சொன்னபடி பிளகினின் கேஷ் கோப்புறையை நகர்த்திப் பாருங்கள். போதாவிட்டால் பிளகினை அகற்றி, கையில் உள்ள விஎஸ்ஐஎக்ஸிலிருந்து மறுபடி ஏற்றுங்கள். பாவிக்கும் எல்லாப் பிளகின்களின் விஎஸ்ஐஎக்ஸையும் எடிட்டரின் இன்ஸ்டோலரையும் ஒரே கோப்புறையில் வைத்திருப்பது இந்த நாளுக்காகத்தான்.

எழுதுபவர்கள் கேஷை நேரடியாக அதே பெயரில் எழுத வேண்டாம். தற்காலிகப் பெயரில் முழுதாக எழுதி முடித்து, பிறகு பெயரை மாற்றுங்கள். வாசிக்கும்போது ஜேசன் உடைந்திருந்தால் பிழை எறியாமல் அந்தக் கோப்பை ஒதுக்கிவிட்டு, பொதியோடு வந்த ஆரம்பத் தரவில் தொடங்குங்கள்.

இதற்கும் மேல் எடிட்டரே திறக்காவிட்டால், அல்லது வேறு வேறு கோப்புகளும் உடைந்து வரத் தொடங்கினால், பிளகினை விடுங்கள். டிஸ்க்கைப் பாருங்கள். விண்டோஸில் ‘கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’, லினக்ஸில் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ ஓட்டினால் டிஸ்க்கின் நலம் தெரியும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் ‘கோஷன்’ என்று மஞ்சளிலோ ‘பேட்’ என்று சிவப்பிலோ வந்தால் கணினியில் மேலும் எதையும் ஏற்றாமல், திட்டக் கோப்புகளை அன்றைக்கே வேறொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்துவிட்டுத் திருத்துநரிடம் கொடுங்கள். டிஸ்க்கே கணினியில் தெரியவில்லை, உள்ளே முக்கியமான வேலை இருக்கிறது என்றால் திரும்பத் திரும்பப் போட்டு அணைக்க வேண்டாம். தரவு மீட்பவரிடம் போகும்வரை கழற்றி வையுங்கள்.